தலைச்சாயம்: இரண்டாவது பாக்கெட்டைக் கொடுக்கும் முன்

மளிகைக் கடையானாலும் சரி, ஃபேன்சி ஸ்டோரானாலும் சரி, தலைச்சாயம் இல்லாத கடை இன்று அபூர்வம். ஷாம்பு சரத்துக்குப் பக்கத்திலேயே சாயச் சரமும் தொங்குகிறது. பேரன் பேத்தி எடுத்தவர்கள் மட்டுமல்ல, இளநரை கண்ட கல்லூரி மாணவர்களும் கேட்டு வாங்குகிறார்கள். சலூனுக்குப் போகாமல் வீட்டிலேயே டை அடித்துக் கொள்வோர் ஏராளம்.

விற்பனைக்குக் குறைவில்லை. ஆனால் இந்தச் சரக்கில் வரும் புகாருக்கும் குறைவில்லை. "முன்பக்கம் நரை அப்படியே நிற்கிறது", "வேர் செம்பட்டை, நுனி கன்னங்கரேல்", "திட்டுத் திட்டாக இருக்கிறது, போலிச் சரக்கைக் கொடுத்துவிட்டீர்கள்" என்று வாடிக்கையாளர் வந்து நிற்பார். நம்மில் பலர் உடனே சொல்லும் பதில் ஒன்று உண்டு: "இன்னொரு பாக்கெட் எடுத்துப் போய் மறுபடியும் அடித்துப் பாருங்கள்."

கல்லாவில் அன்றைக்குச் சில ரூபாய் கூடுதலாக விழும். ஆனால் அந்தப் பதில் பெரும்பாலும் தவறு. சில தலைகளுக்கு ஆபத்தும் கூட. ஏன் என்பதை வணிகப் பெருமக்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது. நாம் மருத்துவரும் அல்ல, அழகுக்கலை நிபுணரும் அல்ல. ஆனால் விற்கும் சரக்கின் குணம் தெரிந்து விற்பதுதான் வியாபாரம்.

சாயம் எப்படிப் பிடிக்கிறது?

இன்று விற்கும் நிரந்தரச் சாயங்களின் மூலம் நூறாண்டுக்கு மேல் பழையது. 1907-இல் பிரான்சு நாட்டு இரசாயன அறிஞர் யூஜின் ஷூலர் தலைச்சாயம் ஒன்றைத் தயாரித்தார். 1909-இல் அவர் தொடங்கிய நிறுவனமே பின்னாளில் லோரியல் என்று உலகெங்கும் பரவியது. அந்நாளிலிருந்து இந்நாள் வரை கருஞ்சாயங்கள் பலவற்றில் முக்கியமான பொருள் பாரா பினைலின் டையமின். சுருக்கமாக பி.பி.டி. என்பார்கள்.

சுவரில் சுண்ணாம்பு பூசுவது போல இது முடியின் மேல் பூசப்படுவதன்று. பி.பி.டி.க்குத் தானாக நிறம் கிடையாது. ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற, பிராணவாயுவை விடும் பொருளோடு சேரும்போதுதான் நிறம் பிறக்கிறது. முடியின் மேற்புறம் மீன் செதில் போல அடுக்கடுக்காக இருக்கும். அம்மோனியா போன்ற காரப் பொருள் அந்தச் செதிலைத் தளர்த்துகிறது. சாயம் உள்ளே நுழைந்து, அங்கேயே நிறமாகிப் பெரிதாகி, வெளியே வர முடியாமல் தங்கிவிடுகிறது. டப்பாவில் இரண்டு டியூபோ, ஒரு டியூபும் ஒரு குப்பியுமோ வைத்திருப்பது இதற்காகத்தான். தண்ணீரில் கலக்கும் பவுடர் வகையில் பிராணவாயு விடும் பொருளும் அந்தப் பவுடரிலேயே இருக்கும்.

இதிலிருந்து மூன்று செய்திகள் கிடைக்கின்றன. ஒன்று, கலந்த நிமிடத்திலிருந்தே கிண்ணத்தில் வேலை தொடங்கிவிடும். பாதியை மறுநாளைக்கு எடுத்து வைத்தால் அது செத்த சரக்கு. இரண்டு, பாக்கெட்டில் எழுதிய நேரம் அலங்காரத்துக்கு எழுதியதல்ல. அவசரப்பட்டுக் கழுவினால் நிறம் முழுமை பெறாது. மூன்று, முடியின் மேல் எண்ணெய் இருந்தால் சாயம் சீராக உள்ளே போகாது. தினமும் தேங்காய் எண்ணெய் தடவும் நம் ஊர்த் தலைகளில் திட்டுத் திட்டாக வருவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

ஒரே தலையில் பல வகை முடி

வாடிக்கையாளர் தன் தலையை ஒரே சரக்காக நினைக்கிறார். உண்மையில் அது கலப்பு மூட்டை. முடி மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வளரும். ஆகவே வேர்ப்பக்கம் புது முடி. நடுப்பக்கம் முன்பு சாயம் ஏறிய முடி. நுனி பல முறை சாயம் ஏறி, வெயிலிலும் சோப்பிலும் அடிபட்ட முடி. நுனியின் செதில் தேய்ந்து போனதால் அது சாயத்தை மடமடவென்று குடிக்கும். வேரில் வந்த நரையோ, செதில் இறுகியிருப்பதால் சாயத்தை எளிதில் ஏற்காது. குறிப்பாக நெற்றிப் பொட்டுப் பக்கத்து நரை பிடிவாதமானது. இதற்கு மேல், தலைத்தோலின் சூடு வேரோரத்தில் நிறத்தை வேகமாக்கும்.

இத்தனை வகை முடிக்கும் ஒரே கலவையை ஒரே நேரம் பூசினால் ஒரே நிறம் எப்படி வரும்? ஆக, திட்டு விழுந்ததும் "சரக்கு போலி" என்ற முடிவுக்கு வருவதற்கு முன் வாடிக்கையாளரிடம் நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும்: எண்ணெய் போகத் தலைக்குக் குளித்தீர்களா? எவ்வளவு நீள முடிக்கு எத்தனை பாக்கெட்? எவ்வளவு நேரம் விட்டீர்கள்? இதற்கு முன் தலையில் என்ன போட்டிருந்தீர்கள்? பெரும்பாலான புகார்களுக்கு விடை இந்த நான்கில் ஒன்றில் இருக்கும்.

புகார்களும் பரிகாரமும்

முதல் புகார், "நரை அப்படியே இருக்கிறது." முன்னாள் இரவே ஷாம்பு போட்டு எண்ணெய் நீக்கி, மறுநாள் காய்ந்த முடியில் பூச வேண்டும். பாக்கெட்டில் வேறு விதமாக எழுதியிருந்தால் அதன்படியே செய்யட்டும். நரை அதிகமுள்ள நெற்றிப் பொட்டிலும் வகிட்டிலும் முதலில் தொடங்கினால் அந்த இடத்துக்குக் கூடுதல் நேரம் கிடைக்கும். மிச்சம் பிடிப்பதற்காகத் தண்ணீரைக் கூட்டினால் சாயம் நீர்த்துப் போகும். இடுப்பு வரை முடியுள்ள அம்மாளுக்கு ஒரு சிறு பாக்கெட் போதாது என்பதை விற்கும்போதே சொல்லிவிட வேண்டும். இரண்டாவது பாக்கெட்டைக் கொடுக்கச் சரியான நேரம் அதுதான். புகாரோடு வரும்போது அல்ல.

இரண்டாவது, "நுனி கருகருவென்று, வேர் வெளுப்பாக." மாதந்தோறும் வேரிலிருந்து நுனி வரை இழுத்துப் பூசுவதன் பலன் இது. இரண்டாம் முறையிலிருந்து புதிதாக வளர்ந்த வேர்ப்பகுதிக்கு மட்டும் பூசினால் போதும். நுனி மங்கியிருந்தால் கடைசி ஐந்து நிமிடம் மட்டும் சீப்பால் கீழே இழுத்துவிட்டுக் கழுவலாம்.

மூன்றாவது, "பின்னந்தலையில் திட்டு." தன் பிடரி தனக்குத் தெரியாது. தலையை நடுவகிடு எடுத்து, காதுக்குக் காது குறுக்கு வகிடும் எடுத்தால் நான்கு பாகம் ஆகும். ஒவ்வொரு பாகத்திலும் மெல்லிய அடுக்காக எடுத்துப் பூச வேண்டும். பின்பக்கத்தை வீட்டில் இன்னொருவர் பூசிவிடுவதே உத்தமம். திட்டு விழுந்துவிட்டால், தோலில் அரிப்போ சிவப்போ இல்லாதவர்கள் ஒரு வாரமாவது பொறுத்து, அதே ஷேடில், விடுபட்ட இடத்தில் மட்டும் சிறு பிரஷ்ஷால் தொட்டால் போதும்.

நான்காவது, "மிகவும் கறுத்துவிட்டது." இதற்குப் பழுப்பு நிறச் சாயத்தை மேலே பூசச் சொல்லி விற்பவர்கள் உண்டு. அது வீண் செலவு. ஒரு சாயம் இன்னொரு சாயத்தை வெளுக்காது. மேலும் அடர்த்தியாக்கவே செய்யும். வீட்டில் பிளீச் போட்டு எடுக்க முயன்றால் ஆரஞ்சு நிறமும் உடைந்த முடியும்தான் மிஞ்சும். சில முறை ஷாம்பு போட்டு அலசினால் கொஞ்சம் இறங்கும். சில வாரங்களில் தானே மட்டுப்படும். அடுத்த முறை ஒரு ஷேடு குறைத்து வாங்கச் சொல்லலாம். சந்தேகமுள்ளவர்கள் கறுப்பைவிடக் கரும்பழுப்பில் தொடங்குவது நல்லது. அடர்த்தி போதவில்லை என்றால் கூட்டலாம். கூடிவிட்டால் குறைப்பது கடினம்.

நெற்றியிலும் காதிலும் கறை படிவதைத் தடுக்க, முடியோரத் தோலில் மட்டும் வாசலின் தடவிக் கொள்ளலாம். அது முடியில் பட்டால் அந்த இடத்தில் சாயம் பிடிக்காது.

மருதாணியும் அவுரியும்

"கெமிக்கல் வேண்டாம், மருதாணிப் பொடி கொடுங்கள்" என்று கேட்பவர்களும் பெருகியிருக்கிறார்கள். இராஜஸ்தானத்தின் பாலி மாவட்டத்திலுள்ள சோஜத் ஊர் மருதாணிக்குப் பேர்போனது. சோஜத் மருதாணிக்கு 2021-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அசல் மருதாணி தருவது செம்மஞ்சள் நிறம் ஒன்றுதான். கருமுடியில் அது அவ்வளவாகத் தெரியாது. நரையில் பளிச்சென்று ஆரஞ்சாகத் தெரியும். ஆகவே பாதி நரைத்த தலையில் மருதாணி மட்டும் போட்டால் வரிவரியாகத்தான் தோன்றும். அது மருதாணியின் குற்றமன்று.

இதற்கு வழி, நம் நாட்டில் தொன்றுதொட்டு வழங்கும் அவுரி. துணிக்கு நீலச்சாயம் எடுத்த அதே செடியின் இலைப் பொடி. முதலில் மருதாணியைச் சில மணி நேரம் வைத்து அலச வேண்டும். அதன்பின் அவுரிப் பொடியை வெதுவெதுப்பான நீரில் குழைத்து, பத்துப் பதினைந்து நிமிடத்தில் பூசத் தொடங்கி, ஒன்று இரண்டு மணி நேரம் விட வேண்டும். கழுவியவுடன் சற்றுப் பச்சையோடியது போலத் தோன்றலாம். ஓரிரு நாளில் கறுக்கும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் அன்று மாலையே பாக்கெட்டைத் திருப்பிக் கொண்டுவந்து வைப்பார்கள். நரைமுடியில் அவுரியை மட்டும் தனியே பூசினால் நீலமோ பச்சையோ ஓடும் என்பதையும் சொல்ல வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. "கறுப்பு மருதாணி, அரை மணியில் கருங்கூந்தல்" என்று வரும் சரக்கை நம்பி, "இது வெறும் மூலிகை" என்று நாம் வாக்குக் கொடுக்கக் கூடாது. மருதாணி கறுப்பு நிறம் தராது. அரை மணியில் கறுக்கிறது என்றால் பெரும்பாலும் அதில் பி.பி.டி. கலந்திருக்கும். உட்பொருள் பட்டியலை உறையில் படித்துப் பாருங்கள். அதுபோலவே "அம்மோனியா இல்லை" என்றால் பி.பி.டி.யும் இல்லை என்று பொருளல்ல. இரண்டும் வெவ்வேறு பொருள்கள்.

உலோக உப்புகள் கலந்த மருதாணிக் கலவைகளும் உண்டு. அவற்றைப் போட்ட தலையில் பெராக்சைடு சாயம் பட்டால் முடி சூடேறி உடையக்கூடும். முன்பு என்ன போட்டார் என்று வாடிக்கையாளருக்கே தெரியாவிட்டால், உதிர்ந்த முடி நாலைந்தில் பூசிப் பார்த்த பிறகே தலைக்குப் போகட்டும்.

மறுநாளே ஏன் கூடாது?

இனி விஷயத்தின் மையத்துக்கு வருவோம். பி.பி.டி. பெரும்பாலோருக்கு ஒன்றும் செய்வதில்லை. சிலருக்கு ஒவ்வாமை உண்டாக்கும். முதல் முறையே வர வேண்டும் என்பதில்லை. பத்து வருடம் அதே சாயத்தை அடித்தவருக்கும் திடீரென்று வரலாம். பூசிய சில மணி நேரம் முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள் தலையும் காதோரமும் அரிக்கும், நெற்றி சிவக்கும், கண் இமை வீங்கி மூடிக்கொள்ளும், கொப்புளத்தில் நீர் கசியும். ஒருமுறை வந்துவிட்டால் அந்த உடம்பு அதை மறப்பதில்லை. அடுத்த முறை இன்னும் கடுமையாக வரக்கூடும்.

இப்போது எண்ணிப் பாருங்கள். திட்டு விழுந்ததே என்று மறுநாள் ஓடி வருபவருக்கு ஒவ்வாமை இருந்தால், அது இன்னும் வெளியே தெரியாத நேரம் அது. தலைத்தோலும் முதல் நாள் காரத்தில் நொந்திருக்கும். அந்த நேரத்தில் நாம் கொடுக்கும் இரண்டாவது பாக்கெட் புண்ணில் பூசும் மருந்தாகாது. புண்ணைப் பெரிதாக்கும் சரக்காகிவிடும். நிறம் கெட்டால் தொப்பியோ துண்டோ போட்டு மறைக்கலாம். முகம் வீங்கினால் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

தலையில் புண், சிரங்கு உள்ளவர்கள், முன்பு சாயத்தால் அரிப்புக் கண்டவர்கள், கையில் கறுப்பு மருதாணி வரைந்து கொப்பளித்தவர்கள் ஆகியோருக்கு இந்தச் சாயத்தை விற்காமல் இருப்பதே நல்லது. மூச்சுத் திணறலோ முக வீக்கமோ வந்தால் தாமதமின்றி மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் 1945-ஆம் ஆண்டின் மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள் விதிகளிலேயே இதற்கு இடம் இருந்தது. இப்போது 2020-ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளில் இது இடம்பெற்றிருக்கிறது. பி.பி.டி. கலந்த தலைச்சாயத்தின் உள்ளுறை, வெளியுறை இரண்டிலும் எச்சரிக்கை அச்சிட வேண்டும். ஆங்கிலத்தோடு உள்ளூர் மொழியிலும் அச்சிட வேண்டும் என்பது விதி. காதுக்குப் பின்புறமோ முழங்கையின் உட்புறத்துக்குக் கீழேயோ தோலைக் கழுவி, கலந்த சாயத்தில் சிறிது தொட்டு உலர விட்டு, 24 மணி நேரம் பார்த்த பின்பே பூச வேண்டும் என்ற சோதனை முறையையும் பாக்கெட்டில் தர வேண்டும். ஒவ்வொரு முறை பூசும் முன்பும் இச்சோதனை அவசியம். புருவத்துக்கும் இமைக்கும் பூசவே கூடாது, பார்வை போகலாம்.

இது பயமுறுத்தும் பேச்சல்ல. 1930-களில் அமெரிக்காவில் 'லாஷ் லூர்' என்ற இமைச்சாயத்தால் பெண்கள் பார்வை இழந்தார்கள், உயிர்ச்சேதமும் நேர்ந்தது. அழகுப்பொருள்களையும் கட்டுக்குள் கொண்டுவந்த 1938-ஆம் ஆண்டுச் சட்டம் அந்நாட்டில் பிறக்க இதுவும் ஒரு காரணம். ஐரோப்பிய ஒன்றியத்திலோ, கலந்து தலையில் பூசும் நிலையில் பி.பி.டி. 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பு கட்டியிருக்கிறார்கள்.

எச்சரிக்கை சிறிய எழுத்தில் அச்சாகியிருப்பதால் வாங்குபவர் படிப்பதில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்க முடியாத பெரியவர்களும் நம் வாடிக்கையாளர்கள்தாம். படித்துச் சொல்ல நாம் இருக்கிறோம்.

வீட்டில் பத்திரம்

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தலைச்சாயம் வயிற்றுக்குள் போனால் கடும் விஷம். தொண்டையும் கழுத்தும் வீங்கி மூச்சு அடைக்கும், சிறுநீரகமும் பழுதாகும். குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில், பூட்டி வைக்கச் சொல்லுங்கள். கலந்த மிச்சத்தைக் கிண்ணத்தோடு விட்டுவைக்காமல் அப்போதே கொட்டிக் கழுவ வேண்டும். யாராவது விழுங்கிவிட்டால் கை வைத்தியம் வேண்டாம், வாந்தி எடுக்கவைக்கவும் வேண்டாம். 108-ஐ அழைத்து, பாக்கெட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். நம் கடையிலும் மிட்டாய் சரத்தோடு சாயச் சரத்தைச் சேர்த்துத் தொங்கவிடக் கூடாது.

கடையில் நாம் செய்ய வேண்டியவை

மொத்த வியாபாரிகளுக்கு: பெராக்சைடு வெப்பத்தில் வீரியம் இழக்கும். தகரக் கூரை குடோனில் மேல் அடுக்கில் வைத்தால் கோடையில் சரக்கு கெடும். பவுடர் வகைக்கு ஈரம் ஆகாது. முதலில் வந்த சரக்கு முதலில் போக வேண்டும். காலாவதி தேதி நெருங்கியதைச் சிறு கடைக்காரர் தலையில் கட்டுவது நமக்கு அழகல்ல.

சில்லறை வியாபாரிகளுக்கு: பில் இல்லாத சரக்கு எவ்வளவு மலிவாக வந்தாலும் வாங்காதீர்கள். யாரிடம் வாங்கினீர்கள் என்று ஆய்வாளர் கேட்டால், பெயரையும் விலாசத்தையும் சொல்ல வேண்டிய கடமை விற்பவருக்குச் சட்டப்படி உண்டு. உற்பத்தியாளர் விலாசம், உரிம எண், பேட்ச் எண், தேதி இல்லாத உறையைக் கடைக்குள் விடாதீர்கள். பாக்கெட்டைப் பிரித்துப் பாதி விற்பதும் வேண்டாம். ஒரே பேட்சில் இரண்டு மூன்று புகார் வந்து, நான்கு கேள்விக்கும் சரியான பதில் கிடைத்தால், அப்போது சரக்கின் மேல் சந்தேகப்படலாம். மிச்சத்தைத் தனியே எடுத்து வைத்து, பேட்ச் எண்ணோடு மொத்த வியாபாரிக்கு எழுதித் தெரிவியுங்கள்.

தீபாவளி, பொங்கல், முகூர்த்த நாட்களுக்கு முந்தின இரவுதான் பலர் சாயம் வாங்க வருகிறார்கள். சோதனைக்கு ஒரு நாள், நிறம் சரிபார்க்க இரண்டு மூன்று நாள் என்று, விசேஷத்துக்கு ஐந்து நாள் முன்பே வாங்கச் சொல்லுங்கள். அதனால் நம் விற்பனை குறையப் போவதில்லை.

கல்லாவுக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்ட ஐந்து வரிகள்:

1. சாயம் பூசும் முன் காதுக்குப் பின்னால் தொட்டு, 24 மணி நேரம் பாருங்கள்.
2. எண்ணெய்த் தலையில் பூசாதீர்கள்.
3. புருவம், இமைக்குக் கூடவே கூடாது.
4. திட்டு விழுந்தால் மறுநாளே மறுபடியும் பூசாதீர்கள். ஒரு வாரம் பொறுங்கள்.
5. அரிப்பு, வீக்கம் கண்டால் கழுவிவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

இந்த ஐந்தையும் சொல்ல ஒரு நிமிடம் கூட ஆகாது. ஒரு பாக்கெட் விற்காமல் போனால் நமக்குச் சில ரூபாய் நட்டம். "அவசரப்படாதீர்கள், ஒரு வாரம் பொறுங்கள்" என்று சொல்லி அனுப்பிய கடைக்காரரை அந்தக் குடும்பம் மறக்காது. அரிசி, பருப்பு, எண்ணெய்க்கும் அதே கடையைத்தான் தேடி வரும். வணிகர்கள் இதைத் தத்தம் கடையில் நடைமுறைப்படுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம்.